சிவக்காத சூளை

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கேஸ் சூளையில், பீங்கான் பொம்மைகளுக்குப் பதிலாக, உடைந்த காற்றாலை இறக்கையின் ஃபைபர் கிளாஸ் துண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.

வெப்ப மீட்டர் நானூற்றைம்பது டிகிரியில் நின்றது.

அந்தச் சூட்டில் பிசின் மட்டும் எரிந்துபோகும். கண்ணாடி நார் பஞ்சு போல மிஞ்சும். மிஞ்சினால் காற்றாலைக் கம்பெனி தொடர்ந்து வேலை தரும். இல்லையென்றால், சூளையைப் பார்த்துக்கொள்ளும் பர்வீனின் கணவர் ஷபியுல்லா வெள்ளிக்கிழமை மறுபடியும் குவைத்துக்குப் போக வேண்டும்.

போன தடவை போனவர் ஆறு வருடம் கழித்துத்தான் வந்தார். சின்ன மகள் அவரை 'மாமா' என்றாள்.

பர்வீன் பார்வைத் துளையில் கண்ணை வைத்தாள். இருட்டு.

டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். அதே இருட்டு.

போன கொலு சமயத்தில் இதே மீட்டர் தப்பாகக் காட்டி ஒரு சூளைப் பொம்மை முழுவதும் வெடித்திருந்தது. கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னாங்க, உள்ள கருப்பாவே கெடக்குது. மீட்டரு திரும்பவும் பொய் சொல்லுதா?"

விசாவை நிறுத்திவைக்க முடியுமா என்று ஏஜென்டிடம் கேட்க வேப்பூர் போயிருந்தார் ஷபியுல்லா. பஸ் இரைச்சலுக்கு நடுவே சிரித்தார்.

"செவக்காத சூளையில என்னாத்த வேவும்? கேஸ தூக்கி வுடு புள்ள."

தூக்கிவிட்டாள்.

துளைக்குள் முதலில் ரத்தச் சிவப்பு வந்தது. பிறகு பழுத்த பப்பாளி நிறம். பொம்மை வேகும் நிறம். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள், ஆறிய சூளையைக் கம்பெனி இன்ஜினியர் மதிவாணன் முன்னிலையில் திறந்தார்கள்.

பஞ்சு இல்லை. தட்டோடு ஒட்டிக்கொண்டு, உருகி இறுகிய பச்சைக் கண்ணாடிக் கட்டி.

"சூட்ட யாரு ஏத்துனது?"

"நான்தாங்க சார்," என்றாள் பர்வீன், கணவரை முந்திக்கொண்டு.

மதிவாணன் ஷபியுல்லாவின் பக்கம் திரும்பினார். "இந்தச் சூட்டுல உள்ள இருட்டாத்தான் இருக்கும், பயந்துடாதீங்கன்னு உங்ககிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனேண்ணே. வூட்ல சொல்லலையா?"

பர்வீன் கணவரைப் பார்த்தாள். அவர் கட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சொன்னாருங்க சார். நான்தான் கேக்கல."

ஷபியுல்லா குனிந்து கட்டியைத் தட்டிலிருந்து பெயர்க்கப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை திருச்சியில் அவர் குவைத்துக்கு விமானம் ஏறினார்.