நடுவில் இல்லாத காட்சி

படம் முடிந்து விளக்கைப் போட்டதுமே சண்டை தொடங்கிவிட்டது.

அவன் சுவரோரம், மனைவி சுகந்திக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தான்.

எல்லோரும் அவளுடைய அலுவலக நண்பர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் ரகோத்தமன் வீட்டில் கூடுவார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பழைய சூப்பர்ஹீரோ படம் ஒன்றைச் சுவரில் ஓட்டிப் பார்ப்பார்கள். அவனை அவள் அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை.

படம் அவனுக்குப் பிடித்திருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ரகோத்தமன் முந்திக்கொண்டான்.

"பாலம் இடியுது. அவ விழுறா. இவன் பறந்து வந்து பிடிக்கிறான். அடுத்த காட்சியில முத்தம். நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

"அந்தக் காலத்துப் படம். அப்படித்தான் எடுப்பாங்க," என்றாள் ஷெரின்.

"எடுக்கட்டும். ஆனா அதுக்குப் பேரு காதல் இல்ல. நன்றி. உயிர் பிழைச்ச மயக்கம். ஒரு வருஷம் போகட்டும். காலையில சாப்பிட உட்காரும்போது அவனைப் பார்த்து, யார் இந்த ஆளுன்னு நினைப்பா."

அவன் கையிலிருந்த டீ ஆடை கட்டத் தொடங்கியது. அவன் குடிக்கவில்லை.

அந்தப் பெருமழை வருஷம். அவனுடைய மீனவக் குப்பத்துப் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனார்கள். தெருவெல்லாம் ஆறு. ஒரு வீட்டின் மாடி பால்கனியில் சுகந்தி நின்றிருந்தாள். வா என்று கை நீட்டினான். அவள் தயங்கினாள். எட்டிப் பிடித்து இழுத்துப் படகில் போட்டான்.

சித்திரையில் கல்யாணம்.

அவளுடைய அப்பா வரவில்லை.

ஏன் என்னை என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. சில காலைகளில் தட்டில் இட்லியை வைத்துவிட்டு அவள் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதும் கேட்டதில்லை.

"அந்த ஹீரோ உடுப்பைக் கழட்டிட்டா அவன் யாருன்னே அவளுக்குத் தெரியாதே," என்றான் ரகோத்தமன், விடாமல்.

ஷெரின் திரும்பினாள்.

"சுகந்தி, நீ ஒண்ணுமே சொல்லலையே. உன்னை ஒருத்தன் காப்பாத்தினா உடனே காதல் வந்துருமா?"

எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தான். கால் மரத்திருந்தது.

"என்னை ஒருத்தர் காப்பாத்தியிருக்கார்," என்றாள் சுகந்தி. "இவர்தான். வெள்ளத்துல, படகுல வந்து."



ரகோத்தமனுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, சாரி. நான் சினிமாவைப் பத்தித்தான்..."

"சாரி எதுக்கு? நீங்க சொன்னது சரிதான். முதல்ல வெறும் நன்றிதான்."



வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, அவன் ஒருவன் மட்டும் கேட்டிருக்க வேண்டிய பதில். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வந்து விழுந்துவிட்டது.

அவள் நிறுத்தவில்லை.

"ஸ்வீட் வாங்கிக்கிட்டுக் குப்பத்துக்குப் போனேன். கொடுத்தேன். தேங்க்ஸ் சொன்னேன். நன்றி அதோட தீர்ந்துபோச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி போய் நிக்கிறேன். என்னம்மா வேணும்னு இவங்கம்மா கேட்டாங்க. மீன் வாங்க வந்தேன்னு சொன்னேன். எனக்கு மீன் கழுவக்கூடத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்புறம் வாரா வாரம் போனேன். இந்தப் படத்துல அதைத்தான் எடுக்காம விட்டுட்டாங்க."

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். ஆறிப்போயிருந்தது. இனிப்பாக இருந்தது.

ஷெரின் இப்போது அவனைப் பார்த்தாள்.

"அண்ணா, அன்னிக்கு உங்க படகுல எத்தனை பேரை ஏத்தினீங்க?"

"கணக்கு இல்லம்மா. நிறைய பேரு."

"அத்தனை பேர்ல இவ மேல மட்டும் எப்படி?"

சிரித்துச் சமாளிக்கலாம் என்றுதான் சுகந்தியின் பக்கம் திரும்பினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ஒரு வேர்க்கடலை. அதை நசுக்கிப் பொடியாக்கிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தேடி வந்தவள் அவள். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டதும் அவள். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். வீடு வரை வந்து நிற்கிற பெண்ணை எப்படி வேண்டாம் என்பது என்று ஆட்டினானோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

ஏன் என்னை என்று கேட்காமல் விழுங்கி வைத்திருந்தவன் தான் மட்டும்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

ரகோத்தமன் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தான்.

"படகுல இல்ல," என்றான் அவன். "ஸ்வீட் கொண்டாந்தப்பவும் இல்ல. அம்மாகிட்ட மீன் வாங்க வந்தப்பவும் இல்ல."

கடலை நசுங்குவது நின்றது.

"அப்ப எப்ப?" கேட்டது ஷெரின் இல்லை. சுகந்தி.

அவன் அவளுக்கு மட்டும் சொன்னான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை நீ வரல. அன்னிக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"வேணும்னுதான் வரல. நீ தேடி வருவியான்னு பார்த்தேன். நீ வரவே இல்ல."

"வந்தேன்," என்றான் அவன். "உங்க தெரு முனை வரைக்கும்."