நாற்பதாவது சீட்டு

புள்ளியியலின் முதல் வகுப்பிலேயே அருளப்பன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். எண்களால் சொல்லக்கூடிய தரவுக்கு உதாரணமாக, மாணவர்களின் எடையைப் பெயரில்லாத துண்டுச்சீட்டுகளில் வாங்கிக் கரும்பலகையில் எழுதியவர், "இந்தத் தொண்ணூத்திநாலைத் தூக்கிட்டா சராசரி அழகா அம்பத்திரண்டு வரும், பாருங்க" என்று சிரித்தபடியே அந்த எண்ணை அழித்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் மூன்றாம் பெஞ்சிலிருந்த சுகிர்தாவின் பக்கம் திரும்பின. பிறகு அவர் பக்கம்.

மறுநாள் அவருக்கு ஒரு வணக்கம்கூடக் கிடைக்கவில்லை. தன் தொப்பையைத் தட்டிக்காட்டி, "மறுபடி எழுதிக் கொடுங்க. இன்னிக்கு என் எடையும் பலகைக்கு வருது" என்றார்.

"அதையும் அழிச்சிருவீங்களா சார்?" என்றது கடைசி பெஞ்ச்.

சீட்டுகளைப் பிரித்தார். தொண்ணூற்று நான்கு. அடுத்ததும் தொண்ணூற்று நான்கு. முப்பத்தொன்பது சீட்டுகளிலும் அதே எண், பேனா குத்திக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது. நாற்பதாவதில் மட்டும், சின்னதாக, ஐம்பத்திரண்டு.

"இது யாருது?"

சுகிர்தா எழுந்தாள்.

"ஏம்மா இப்படி எழுதினே?"

"அப்பத்தான் அழகா வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."