இன்னொரு அடிக்கல்

ஏழைகளுக்கு நகராட்சி கட்டப்போகும் வீடுகளுக்காக நட்ட அடிக்கல் அது. ஒன்பது வருஷமாகக் கருவேலம் புதருக்குள் நின்று நின்று அலுத்துப்போயிருந்தது.

மழைக்கு அதன் மறைவில் குட்டிகளோடு ஒண்டிய செவலை நாய் கேட்டது: "ஏண்ணே, வீடு எப்ப வரும்?"

"அரசாங்கம் அனுமதி தரணும்னு நகராட்சி சொல்லுது தாயி. நகராட்சிக்கே அதிகாரம் இருக்கேன்னு அரசாங்கம் சொல்லுது."

மறுநாள் புதுத் தலைவர் மேளதாளத்தோடு வந்தார். பழைய கல்லில் பழைய தலைவர் பேர் இருந்ததால், பக்கத்திலேயே புதுசாக ஒன்றை நட்டு, லட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

அடிக்கல் பெருமூச்சு விட்டது.

நாய் குட்டிகளை இரண்டு கல்லுக்கும் நடுவே இழுத்துப் போட்டது.

"சலிச்சுக்காதண்ணே. ரெண்டு சுவர் வந்தாச்சு. இன்னும் ரெண்டு தலைவர் வந்தா வீடு முடிஞ்சிடும்."