அட்டையில் இல்லாத பேரு

“பாடுனவ பேரைப் போடாம ஒருத்தன் தட்டு அடிப்பானாம், அதை நீயும் கொண்டாந்து விப்பியாம். கேட்டா வியாபாரங்கிறது.”

பாண்டித்துரை போனில் போட்ட சத்தத்தில், கீழே ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தி மாடியைப் பார்த்தார்கள்.

மறுமுனையில் சென்னை இசைத்தட்டுக் கடை ஜெகதீஷ். “அண்ணே, நூறு வருசத்துக்கு முந்தின பாட்டு. இது மறுபதிப்பு. அன்னைக்குப் பதிவு பண்ணவங்க எழுதி வைக்கல.”

“பியானோ வாசிச்சவன் பேரு இருக்கு. ஊதுனவன் பேரு இருக்கு. கம்பெனி பேரு கொட்டை எழுத்துல இருக்கு. பாடுனவளுக்கு மட்டும் ‘பெயர் தெரியாத பெண்’ணா? என் மக அட்டையைப் படிச்சுச் சொன்னப்ப வயிறு எரிஞ்சு போச்சு.”

போடியில் ஜாஸும் ப்ளூஸும் கேட்கிற ஏலக்காய் வியாபாரி அவர் ஒருவர்தான். மலையில் முதன்முதலாக வாங்கிய தோட்டத்து பங்களாவில் ஒரு பழைய பிளேயரும் நாலு தட்டும் கிடந்தன. பாஷை விளங்கவில்லை. உழைத்துக் களைத்த உடம்பிலிருந்து வருகிற குரல் என்பது மட்டும் விளங்கியது. இன்று சுவர் நிறையத் தட்டுகள்.

“ஏலத்துக்கு வர்ற காய்க்குக்கூட எந்தத் தோட்டத்துக் காயின்னு பேரு உண்டு தம்பி. சாக்குக்கு இருக்கிற மரியாதை மனுசிக்கு இல்லையா?”

“தேடிப் பார்த்திருப்பாங்கண்ணே.”

“என்னத்தைத் தேடுனான்? அமெரிக்காவுல பருத்திக்காட்டுல முதுகொடிஞ்ச கறுப்புப் பொம்பளைதானேன்னு விட்டிருப்பான். நான் மூட்டை தூக்கின காலத்துல எவன் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டான்? ‘ஏய் மூட்டை’ம்பானுக. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்.”

“வேணாம்னா திருப்பி அனுப்பிருங்கண்ணே.”

“திருப்பி அனுப்பவா இம்புட்டு நேரம் கத்துறேன்? கம்பெனிக்கு எழுது. அவ பேரைக் கண்டுபிடிச்சு அடுத்த பதிப்புல போடச் சொல்லு. இல்லேன்னா உன் கடைப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றான் சுருளி. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஜீப்பு டிரைவர்.

“லைன்லயே இரு” என்று போனை மேசையில் வைத்தார் பாண்டித்துரை.

“முதலாளி, மேல தோட்டத்துல மரக்கொப்பு ஒடிஞ்சு ஒரு பொம்பளை தலையில விழுந்துருச்சு. ஜீப்புல போட்டுக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். இன்னும் நினைவு வரல. தேனிக்குக் கொண்டு போகச் சொல்றாக.”

“பின்ன இங்க என்ன சோலி உனக்கு? கொண்டு போ. செலவு எம்புட்டு ஆனாலும் நான் பார்த்துக்கிறேன்.”

“பேரும் ஊரும் கேக்குறாக. வீட்டாளுகளுக்குச் சொல்லணும்ல. கூட வந்த ரெண்டும் ஜார்க்கண்டுப் பிள்ளைக. ‘அக்கா அக்கா’ன்னு அழுகுதுக, அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. கங்காணிக்குப் போன் போட்டா டவர் இல்ல.”

செல்போனை நீட்டினான். ஜீப்பில் கிடந்த முகத்தைப் படம் எடுத்திருந்தான்.

“அட, இதா? நான் தோட்டம் வாங்குன நாள்லேருந்து வருதுப்பா. நல்ல கை. காய் எடுக்கும்போது பாடிக்கிட்டே இருக்கும். அடுத்த சரிவு வரைக்கும் கேக்கும்.”

“பேரு, முதலாளி?”

பாண்டித்துரைக்கு எரிச்சல் வந்தது. “வேலைக்கு வர்ற அத்தனை பேரு பேரையும் நான் மனப்பாடமா பண்ணி வச்சிருக்கேன்? பேரு தெரியாத பொம்பளைன்னு எழுதிக்கிறச் சொல்லு. வெரசாக் கிளம்பு.”

சுருளி தடதடவென்று இறங்கினான்.

அவர் போனை எடுத்தார். “ஆங், தம்பி. எதுல விட்டோம்?”



“பேரு தெரியாத பொம்பளைன்னு எழுதுனதுலண்ணே” என்றான் ஜெகதீஷ்.