ஆமென் சொன்ன கூடம்

சலோமி கடைசியாகச் செய்தது, மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைபேசியில் குரல்செய்தி அனுப்பியதுதான். "இவாஞ்சலின் அக்கா, ரங்கூன் கப்பல் ஏறுன வாத்தியாரு திரும்பி வருவாரா மாட்டாரா? அந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபம் பண்ணிக்கினே கீறா. எனுக்கு ஒரே பேஜாரா கீதுக்கா." வாட்ஸ்அப்பில் அந்த வாத்தியார் கதையைத் தொடராக எழுதுகிறவரிடம் இப்படிக் கேட்டுவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பியவள், அப்படியே சரிந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம், மீஞ்சூர் வீட்டுக் கூடத்தில் சபைப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஜன்னலில் வெயில் மங்கலாக நிற்கிறது. சலோமியின் கைபேசியில் குரல்செய்தி வந்த ஒலி கேட்க, கணவன் பாக்கியராஜ் எதையோ அழுத்துகிறான். இவாஞ்சலினின் நாகர்கோவில் குரல் கூடம் முழுக்கப் பரவுகிறது. "சலோமி மக்ளே, பதில் சொல்லப் பிந்திட்டு, கோவிச்சுக்காத. ஒனக்கு மட்டும் சொல்லுதேன், வாத்தியார் வந்திருவாரு."

"ஆஃப் பண்ணுப்பா" என்கிறாள் ஒருத்தி. அவன் நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறான். குரல் வழக்கம்போல ஜெபத்துக்குப் போய்விடுகிறது. "ஆண்டவரே, எங்க சலோமிக்கு நீடித்த ஆயுசைத் தாரும்."

"ஆமென்" என்கிறார்கள் எல்லோரும், பழக்கத்தில். அவன் வாயும் சொல்லிவிட்டது.

"ஐயோ, இன்னா சொல்லிட்டோம்" என்று ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். மின்விசிறி சுற்றுகிறது. திரையில் எழுத்து வருகிறது: 'ஆன்லைன்லதான இருக்க, பதிலக் காணோமே?'

பாக்கியராஜ் பதிலுக்கு ஒரு எழுத்தைத் தட்டி, அதையும் அழிக்கிறான். திரை அணைந்துவிடாதபடி தொட்டுத் தொட்டு வைக்கிறான். நாகர்கோவிலில், இவாஞ்சலினின் கைபேசியில், சலோமி இன்னும் ஆன்லைனில்தான் இருக்கிறாள்.