பிரேக் பிடித்தவன்

“ஏன் கண்ணுசாமி, ஊரு ஆளைப் பறக்கவிடுறியே, ஒரு நாளாச்சும் நீ பறக்கணும்னு தோணலையா?”

வாழைத்தாரில் ஒட்டியிருந்த சருகைத் துடைத்தபடி தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் பெருமாயி கேட்டாள். கண்ணுசாமி எதற்கும் உடனே பதில் சொல்கிறவன் இல்லை.

சிறுமலைச் சரிவில் அந்தக் கம்பிவடம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. அணை கட்டி முடித்த இடத்தில் தோட்டத்து முதலாளி ஏலத்தில் எடுத்தது. வடத்தில் இரண்டு இரும்புக் கூடைகள். தாரோடு ஒன்று இறங்கினால், அந்தக் கனத்தில் அடிவாரத்துக் காலிக் கூடை மேலே வரும். மேலே உட்கார்ந்து பிரேக் கட்டையைப் பிடிப்பது கண்ணுசாமியின் வேலை. தார்களின் மேல் ஏறி நின்று கீழே போய் இறக்கிவிட்டு, அடுத்த தார் இறங்கும்போது காலிக் கூடையில் ஏறி வருவது அவனுடைய சித்தி மகன் ஆண்டிச்சாமியின் வேலை.

ஆண்டிச்சாமி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து, தலைத்துண்டு பறக்கப் பறக்கப் போவான். அவன் புள்ளியாகிற வரை மூக்காயி சரிவின் விளிம்பில் நின்று பார்ப்பாள். அந்தப் பார்வையைக் கண்ணுசாமி ஒரு வருடமாகப் பக்கவாட்டில் இருந்தே பார்த்து வந்தான்.

மூக்காயி, பொம்மையன் மாமனின் ஒரே மகள். இருவருக்கும் முறைப்பெண். காலையில் மாமன் சொல்லிவிட்டார்:

“ரெண்டு தங்கச்சியில எவ மனசும் நோகக்கூடாதுப்பா. நாளைக்குப் பொரட்டாசி பொறந்துரும். இன்னிக்கு அந்திக்கு மேல தோட்டத்துக் குடிசைக்கு வாரேன். வெளக்கு வைக்கையில எவன் வெத்தலை பாக்கோட மொதல்ல வந்து நிக்கிறானோ, அவனுக்குத்தான் எம் பொண்ணு.”

மூன்றாவது நடையில் ஆண்டிச்சாமி கீழே இறங்கினான். அதன்பிறகு அவனால் மேலே வர முடியவில்லை. ஏறுகிற கூடையில் ஆள் இருந்தால் பிரேக் பிடித்த கைக்குக் கனம் தெரியும். இரண்டு முறை தெரிந்தது. இரண்டு முறையும் கூடை தரையை விட்டுக் கிளம்பியதுமே கண்ணுசாமி கட்டையை இறுக்கினான். ஆள் இறங்கிய பிறகே விட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையைக் குனிந்திருப்பான்.

பொழுது சாய ஆரம்பித்தது. இனி நடந்து ஏறினாலும் ஆண்டிச்சாமி இருட்டிய பிறகுதான் வந்து சேருவான்.

வெற்றிலை பாக்கோடு போய் நின்றால் மாமன் பெண்ணைக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பார்வையை யார் கொடுப்பது?

“மச்சான்.”

மூக்காயி அருகில் வந்து நின்றாள். அவள் அவனை அப்படிக் கூப்பிடுவதே அபூர்வம்.

“பயமா?”

“என்ன பயம்?”

“கம்பியில போக.”

“பிரேக்கை விட்டுட்டு எப்படிப் போறது?”

“நான் புடிச்சுக்கிறேன். ஒரு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். இன்னும் ரெண்டு கூடைத் தாரு கெடக்கு. ஒண்ணுல எறங்குங்க. அடுத்ததை நான் எறக்கும்போது ஏறி வந்துருங்க. செத்த நேரந்தான்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “நான் இங்கனயே நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்.”

பெருமாயி சிரித்தாள். “அட, போயிட்டு வா அப்பு! புள்ளையே சொல்லுது.”

கண்ணுசாமி கட்டையை அவள் கையில் கொடுத்தான்.

“கையில கனம் தெரிஞ்சா ஒடனே இறுக்கிரணும். ஏறுற கூடையில ஆளு வரக்கூடாது. மொதலாளி உத்தரவு.”

“நீங்க திரும்பி வாரப்பவுமா?”

“என்னை மட்டும் விட்டுரு.”

“சரி மச்சான்,” என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

தார்களின் மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். கூடை விளிம்பைத் தாண்டியது. காலுக்குக் கீழே மரங்களின் உச்சி. அப்புறம் காற்று வந்தது. தூரத்தில் மலைக்கோட்டை, பேகம்பூர்ப் பள்ளிவாசல், அகரத்துப் பக்கம் பச்சை வயல்கள் எல்லாம் அவனை நோக்கி ஏறி வந்தன. அவனையும் அறியாமல் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் கத்தினான். திரும்பிப் பார்த்தான். மூக்காயி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடப் புகைச்சல் அந்தக் காற்றில் அடங்கியது.

பாதி வழியில் கூடை மெதுவாகி நின்றது. எதிரே ஏறி வந்த கூடையும் நின்றது. அதில் ஆண்டிச்சாமி உட்கார்ந்திருந்தான்.

கண்ணுசாமி பதறவில்லை. கனத்தைக் கண்டுபிடித்துவிட்டாள், சொன்னபடியே இறுக்கிவிட்டாள் என்று தோன்றியது.

“மேல போக முடியாதுடா,” என்றான். “அவ விடமாட்டா.”

“உன்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லத்தான் நிறுத்தியிருக்கா அண்ணே,” என்றான் ஆண்டிச்சாமி. அவன் குரலில் கேலி இல்லை. “நான் எறங்குறப்பவே மூக்காயி சொல்லிவிட்டா. ‘உங்க அண்ணன் உங்களை மேல வரவிட மாட்டாரு, நீங்க பொறுங்க, பொழுது சாயக் கட்டை எங்கையில இருக்கும்’னு. நான்தான் நம்பாம ரெண்டு தடவை ஏறிப் பாத்தேன். நீ கீழ போயி பவுல்ராஜ் கடையில ஒரு டீ குடிச்சுட்டுப் படுத்துக்குவியாம். அடுத்த கூடை நாளைக்குத்தானாம்.”

கண்ணுசாமி மேலே பார்த்தான். அவள் இப்போதும் கண் கொட்டாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்துக் கூடையை.

வடம் மறுபடி ஓடியது; கண்ணுசாமி எவ்வளவு வேகமாக இறங்கினானோ, அவன் கனத்திலேயே அவ்வளவு வேகமாக ஆண்டிச்சாமி அவளிடம் ஏறிக்கொண்டிருந்தான்.