எந்தக் கையால்

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு ஊட்டுவது அவர் மனைவி கோமளாதான். பிசைந்து, ஊதி, உருட்டி வாயருகே கொண்டுவருவாள். குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வத்தக்குழம்புச் சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட வேண்டும். அவளோ சோற்றை முடித்துவிட்டுக் கடைசியில் நமுத்துப்போன அப்பளத்தைத் தனியாக நீட்டுவாள். சொன்னால் செய்வாள்தான். ஒவ்வொரு கவளத்துக்குமா சொல்லிக்கொண்டிருப்பது? வயிறு நிறைந்தது, சாப்பிட்ட மாதிரியே இல்லை.

இன்றைக்கும் வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கை மட்டும் தட்டின் விளிம்பைத் தொடுவதும் பின்வாங்குவதுமாக இருப்புக்கொள்ளாமல் தவித்தது.

"நானே சாப்பிடறேன், கோமளா."

"எந்தக் கையாலங்க?" என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் மணி அடித்தது. சிலிண்டர்காரர். எழுந்து போனாள்.

அவள் திரும்பியபோது அப்பளம் சோற்றுக்குள் நொறுங்கிக் கிடந்தது. மோவாயிலும் சட்டையிலும் பருக்கைகள். இடது கையின் ஐந்து விரல்களிலும் குழம்பு. கால் கழுவுகிற கை. சின்ன வயதில் தட்டுப் பக்கம் வந்தாலே அவர் அம்மா அடித்து மடக்கிய கை. அகப்பட்டுக்கொண்ட திருடனைப் போல அவர் அதை அந்தரத்தில் நிறுத்தினார்.

கோமளா திரும்பிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பிறகு அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு அப்பளம் பொரிக்கட்டுமா?"